மிஷின் நின்னா முழிக்கிற பிள்ளை

தையக்காரனுக்குக் கை ஓடணும், கால் ஓடணும், 'நாளைக்கு வாங்கண்ணே'ன்னு சொல்ல வாயும் ஓடணும். இதோட காய்ச்சக்காரப் பிள்ளையும் சேர்ந்துக்கிட்டா என்ன பாடுன்னு, பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டே பொழப்பைப் பார்த்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உலகச் சண்டை நடந்த காலம். கோயிலுக்கு எதிர்த்தாப்புல புது மண்டபத்துல எனக்கு ஒரு தூணடி, ஒரு மிஷின். சித்திரைத் திருவிழா நெருங்கிருச்சு. அழகருக்கு வேண்டிக்கிட்டு வேஷம் கட்டுறவங்க உடுப்பெல்லாம் குமிஞ்சு கிடக்கு. என் சம்சாரம் பேரையூர்ல, அவ அம்மா வீட்டுல பிள்ளை பெத்துப் படுத்திருக்கா. கூடப் போன மூணு வயசு வள்ளிக்குக் காய்ச்சல் வந்ததும், பச்சைப் பிள்ளைக்கு ஒட்டிக்கிரும்னு பயந்து எங்கிட்டயே அனுப்பிட்டாங்க. வில்லாபுரத்துல இருந்து தோள்ல தூக்கிக்கிட்டுக் கடைக்கு வருவேன்.

முட்டி போட்ட மீசை

மிஷினோட இரும்புக் கால்ல முதுகை ஒட்டி, வெட்டுத்துணி மேல படுத்துக்குவா. மிஷின் ஓடுற அதிர்வுல கண் சொக்கும். நிறுத்துனா முழிச்சு அனத்த ஆரம்பிச்சிருவா. டாக்டரு கண்டிசனாச் சொல்லிட்டாரு, தூக்கம் கெட்டா ஜன்னி கண்டுரும்னு. அதுக்கப்புறம் நான் எங்கிட்டுக் காலை நிறுத்துறது?

ஆனையூர்ல இருந்து வெள்ளாமை பார்க்குற ஒரு சம்சாரி அளவு குடுக்க வந்தாரு. ஆறடி ஆளு, ஆட்டுக்கிடா மீசை. பிள்ளையைக் காட்டி, எந்திரிக்க முடியாதுன்னு தயங்கித் தயங்கிச் சொன்னேன். வஞ்சுட்டுப் போகப் போறாருன்னு நெனச்சா, மனுஷன் தலைப்பாவைக் கழட்டி வச்சுட்டுக் கல்லுல முட்டி போட்டுட்டாரு. மிதிச்சுக்கிட்டே நெஞ்சளவு எடுத்தேன். எனக்கு முன்னால யாரும் அப்பிடிப் பணிஞ்சதில்லை. அவரு மெதுவாச் சொன்னாரு: "கழுத்தைக் கொஞ்சம் தொளதொளன்னு வைங்கண்ணே. காலை மட்டும் நிப்பாட்டிராதீங்க."

மண்டபத்து வைத்தியம்

வாரவங்கல்லாம் வைத்தியம் சொன்னாங்க. ஒருத்தர் வேப்பிலைன்னாரு, ஒருத்தர் தாயத்துன்னாரு. மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா வெந்நியைத் தவிர எதுவும் குடுக்காதேன்னாங்க. கடைசியா வந்த வளையல்காரம்மா, வெந்நியை மட்டும் காட்டவே காட்டாதேன்னுச்சு. பக்கத்துத் தூணுல தைக்கிற இப்ராஹிம் பாய், எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுக்கிட்டு வாயில இருந்த ஊசியை எடுத்தாரு: "மாப்ள, இம்புட்டு வைத்தியரு இருக்கிற ஊர்ல நோயி எப்பிடிடா தங்குது?"

பேரையூர் தூரம்

அன்னைக்குக் காய்ச்சல் ஏறிருச்சு. தொட்டா கை சுடுது, உதடு வெடிச்சுக் கிடக்கு. பிள்ளை தங்குமான்னு பயம். மருந்தோ தீர்ந்துபோச்சு, பெரியாஸ்பத்திரியில போயி நின்னுதான் வாங்கணும். பாய் ஓடி வந்து, என் மிஷின்ல நூலைக் கழட்டிட்டு, வெறுமனே மிதிச்சாரு. நீ போடான்னாரு.

மருந்தோட ஓடியாந்து பார்த்தா மலைச்சு நின்னுட்டேன். பாய் தன் இடத்துல உக்காந்து என் வேலையைத் தைச்சுக்கிட்டிருக்காரு. என் மிஷின்ல உக்காந்து மிதிக்கிறது யாருன்னா, உடுப்பு இன்னும் ஆகலைன்னு காலையில என்னைக் கிழிகிழின்னு கிழிச்ச பேரையூர்க்காரரு ஒருத்தரு. அவருக்குப் பின்னால, மிதிக்கிறதுக்குத் தங்க முறைக்கு நாலஞ்சு பேரு காத்து நிக்கிறாங்க. யாருக்கு உடுப்பு முதல்லன்னு அடிச்சுக்கிட்ட அதே ஆளுங்க. வள்ளி அசையாமத் தூங்குறா. கும்பிட்டேன். பேரையூர்க்காரரு வேர்வையைத் துடைச்சுக்கிட்டுச் சொன்னாரு: "இம்புட்டு நேரம் மிதிச்சதுக்கு நடந்திருந்தா, ஊரு போயிச் சேர்ந்திருப்பேன்."

சத்தம்

ரெண்டு நாள் கழிச்சு, வெயில் உச்சியில, குனிஞ்சு தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் விட்டு உடம்பெல்லாம் வேர்வை. சில்லுன்னு இருக்கு. மிஷின் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, பிள்ளை கண்ணை முழிச்சிருச்சு. என்னையும் மிஷினையும் மாறி மாறிப் பார்த்தா. அப்புறம் முகத்தைச் சுளிச்சுக்கிட்டு, தெளிவாச் சொன்னா: "அப்பா, காது வலிக்குது. நிப்பாட்டுங்க."

சீக்கிரம் ஆகட்டும்னு ஊரே விரட்டுற இந்தப் பொழப்புல நிப்பாட்டச் சொன்னது அவ ஒருத்திதான், கேட்டதும் நிப்பாட்டிட்டு மிஷின் மேலயே தலையைச் சாய்ச்சு நான் தூங்கிப்போனேன்.