மருந்து கலக்காத தண்ணீர்

குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கலாக அடித்தால்தான் எனக்கு நிம்மதி. என் கணவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நீச்சல் குளத்தில் பிறந்தவள் என்று உறவினர்களிடம் என்னை அறிமுகப்படுத்துவார். நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தால் என் தாய்மாமனைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும், அதை அழாமல் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கள்ளக்குறிச்சியில் ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் குடியிருந்தோம். அம்மாவின் தம்பியும் எங்களோடுதான் இருந்தார். எங்கள் தெருவுக்கும் பக்கத்து மூன்று தெருக்களுக்கும் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை அவருக்கு. ஒரு ஒப்பந்தக்காரரிடம் தற்காலிக வேலைதான். அந்த வருடம் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனவுடன் பெண் பார்த்துவிட வேண்டும் என்று அம்மா நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். மாமாவுக்கு முன்தலையில் முடி பின்வாங்க ஆரம்பித்திருந்தது, அதனால் அவளுக்கு அவசரம்.

சாயங்காலம் மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்புவார். ஒரு வாளியில் பவுடரைக் கரைத்து, வெள்ளைக் கசடு அடியில் தங்கும்வரை பீடி பிடித்துக்கொண்டு காத்திருந்து, தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளியில் இறுத்துக்கொண்டு ஏணியில் ஏறுவார். அந்தத் தெளிவுக்குத் தெருவில் ‘மருந்து’ என்று பெயர். காலை ஆறு மணிக்கு நீளமான இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு போய் வால்வைத் திறப்பார். எந்த வீட்டுக் குழாயில் தண்ணீர் சன்னமாக வரும், எந்த வீட்டில் காதுகுத்து, யாருக்குப் பேறுகாலம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தெருப் பெண்கள் அவரை நிற்கவைத்துத் திட்டுவார்கள். டீ போட்டால் டீயில் மருந்து, ரசம் வைத்தால் ரசத்தில் மருந்து என்பார்கள். மாமா பல்லைக் காட்டிக்கொண்டே நகர்ந்துவிடுவார்.

எனக்கு அப்படிச் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. எங்கள் சொந்தக்காரர்களெல்லாம் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வைத்திருப்பவர்கள். கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். கிறிஸ்துமஸுக்கு வந்த பெரியப்பா மகள் எங்கள் வீட்டுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, எல்லார் முன்னாலும் வாசலில் போய்த் துப்பினாள்.

“இன்னாடி இது, ஊசி போட்ட எடம் மாதிரி நாறுது? இத்தயா தெனம் குடிக்கிறீங்க?”

எல்லாரும் சிரித்தார்கள், என் அம்மா உட்பட. எனக்கு மட்டும் காது சூடாகிவிட்டது. அவர்களிடம் கரும்பு இருந்தது, மாடு இருந்தது. எங்களிடம் இருந்தது டவுன் என்கிற பெருமை ஒன்றுதான். அதையும் அவள் துப்பிவிட்டாள் என்று நினைத்தேன்.

அடுத்த ஜூலையில் எனக்குப் புதுநன்மை. கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். எங்கள் பக்கத்தில் அது ஒரு சின்னக் கல்யாணம் மாதிரி. வெள்ளை கவுன், தலையில் பூ வளையம், கையில் மெழுகுவர்த்தி, எல்லாம் தாய்மாமன் சீர். மாமா சங்கராபுரத்தில் தெரிந்த தையல்காரரிடம் தைக்கக் கொடுத்து, மடிப்பு கலையாமல் மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தார். போட்டுப் பார்த்துவிட்டு நான் கண்ணாடி முன்னால் சுற்றிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

“வேற இன்னா வேணும் பாப்பா? சொல்லு, மாமன் செய்யறேன்.”

“பெரியப்பா வூட்லேந்து எல்லாரும் வராங்க மாமா. விசேஷம் முடியற வரைக்கும் தண்ணில மருந்து ஊத்தாத.”

மாமா முதலில் சிரித்தார். பிறகு, “அத்த மட்டும் கேக்காத. மழைக்காலம், ஊத்தலன்னா ரொம்ப தப்பு” என்றார்.

நான் அழவில்லை. கவுனைக் கழற்றி, மடித்து, அவர் மடியிலேயே வைத்துவிட்டு, அப்படியானால் எனக்குப் புதுநன்மையே வேண்டாம் என்று சொல்லி மூலையில் போய் உட்கார்ந்தேன். ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றேன். காலையில் பாலும் வேண்டாம் என்றேன். மாமாவின் பலவீனம் எங்கே இருக்கிறது என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருக்கிறது. மத்தியானம் அவரே தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து என் எதிரில் குந்தினார்.

“சரி, துன்னு. பாக்கலாம்.”

சனிக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. ஞாயிறு காலை குழாயில் வந்த தண்ணீரில் வாடையே இல்லை. பூசை முடிந்து வீட்டுக்கு வந்தவர்களுக்கு அண்டா நிறைய ரஸ்னா கலக்கி வைத்திருந்தார்கள். பெரியப்பா மகள் மூன்று டம்ளர் குடித்தாள். உங்கள் தண்ணீருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். கல்வராயன் மலைத் தண்ணீரை எங்கள் மாமா நேராக இங்கே திருப்பிவிட்டிருக்கிறார் என்று கூசாமல் சொன்னேன். அவள் நம்பினாள். அன்று என் கால் தரையில் படவில்லை. மாமா மட்டும் பந்தியில் குழம்பு ஊற்றிக்கொண்டே அடிக்கடி வாசலுக்குப் போய்த் தொட்டி இருக்கும் திசையைப் பார்த்துவிட்டு வந்தார். சொந்தக்காரர்கள் திங்கட்கிழமைதான் ஊருக்குக் கிளம்பினார்கள். அதுவரை வாக்கைக் காப்பாற்றினார்.

திங்கள் விடிந்தபோது எதிர்வீட்டு அக்கா தன் ஒன்றரை வயதுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினாள். வாந்தியும் பேதியும் நிற்காமல் குழந்தையின் தலை துவண்டிருந்தது. ஒன்பது மணிக்குள் தெருவில் இன்னும் ஐந்தாறு பேருக்கு அதே மாதிரி. மழையில் எங்கோ குழாய் இணைப்பு விட்டு, சாக்கடை கலந்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். சுகாதார ஆய்வாளர் வந்து எங்கள் வாசல் குழாயிலேயே கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்தார். அதில் ஏதோ இரண்டு சொட்டு விட்டார். மருந்து இருந்தால் மஞ்சளாக மாறும் என்றார். எல்லாரும் குனிந்து பார்த்தோம். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

மாமாவைக் கூப்பிட்டார்கள். எதிர்வீட்டு அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர், வந்த வேகத்தில் மாமாவின் சட்டையைப் பிடித்தார். ஒப்பந்தக்காரர், ஏன் ஊற்றவில்லை என்று கத்தினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். மாமா அங்கிருந்த ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார், என் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

“மறந்துட்டேங்க. விசேஷ வேலைல சுத்தமா மறந்துட்டேன்.”

எனக்கு உயிர் வந்தது. மாமா மறந்துதான் போயிருக்கிறார், நான் கேட்டதற்காக இல்லை. அதுவரை இருந்த பயம் அந்த ஒரு சொல்லில் போய்விட்டது. அவர் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். நம்புவது சௌகரியமாக இருந்தது என்று இப்போது சொல்லலாம்.

குழந்தை பிழைத்துவிட்டது. மூன்று நாள் குளுக்கோஸ் ஏறியது. அந்த மூன்று நாளும் மாமா ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். குழந்தையின் வீட்டார் அவரை உள்ளே விடவில்லை. வேலை போயிற்று. குழந்தைக்கு வினையானவன் என்று பெயர் நின்றுவிட்டது. அந்தப் பெயரோடு அம்மா அவருக்குக் கேட்டுப் போன இரண்டு இடமும் தட்டிப்போனது. பிறகு கரும்பு வெட்டப் போனார், லாரியில் லோடு ஏற்றினார், கடைசிவரை தனியாகவே இருந்தார். நான்கு வருடத்துக்கு முன்னால் இறந்துபோனார். ஒரு தெருவின் காதுகுத்துகளையெல்லாம் நினைவில் வைத்திருந்த மனிதர் இரண்டு சாயங்காலம் தொடர்ந்து ஒரு வாளியை மறக்கமாட்டார் என்று எனக்கு உறைத்தபோது, கல்லூரி முடித்து நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அதன் பிறகும் அவரிடம் கேட்க எத்தனையோ நாள் இருந்தது. ஊருக்குப் போகும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து உடம்பு எப்படி, சாப்பாடு எப்படி என்று விசாரித்துவிட்டு எழுந்து வந்தேன். என் கோழைத்தனம்தான், வேறொன்றுமில்லை.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது அதுகூட இல்லை. குழந்தை வீடு திரும்பிய வாரம், சனிக்கிழமை, பாவசங்கீர்த்தனத்துக்கு மாமாதான் என்னைச் சைக்கிளில் கோயிலுக்கு அழைத்துப்போனார். தெருவில் யாரும் அவரோடு பேசாத நாட்கள் அவை. பாவம் கேட்கிற மரக்கூண்டுக்கு முன்னால் நான் முழங்காலிட்டுச் சாமியாரிடம் என் பாவங்களை வரிசையாகச் சொன்னேன். தம்பியைக் கிள்ளியது, பக்கத்துப் பெண்ணின் பென்சிலை எடுத்தது, பள்ளிக்கூடத்தில் எங்கள் மாமாவுக்கு மறதி ஜாஸ்தி, அவரால்தான் எல்லாருக்கும் உடம்பு கெட்டது என்று சொல்லித் திரிந்தது. சாமியார் பரிகாரமாக ‘அருள் நிறைந்த மரியே’ செபத்தை மூன்று முறை சொல்லச் சொன்னார். சொல்லி முடித்து, காற்றில் மிதக்கிற மாதிரி வெளியே ஓடிவந்தேன். மாமா வேப்பமரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எல்லாத்தையும் சொல்லிட்டியா பாப்பா?” என்று கேட்டார்.

“ஒண்ணு வுடாம சொல்லிட்டேன் மாமா” என்றேன்.