சந்தையில் பிடித்த கை

என் அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். பட்டறையில் அவருக்கு ‘நூலு’ என்று பெயர். அவர் வெல்டிங் வைத்தால் நூல் பிடித்தாற்போல் ஓடும். என்னை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். இருபத்திரண்டு வருடம் நெருப்பைப் பார்த்த கண் போன வருடம் மங்கத் தொடங்கியது. ஆள் தெரியும், முகம் தெரியாது. விஷயம் வெளியே போனால் வேலை போய்விடும். தெரிந்தவர்கள் அக்காவும் நானும் மட்டும்தான். இரும்பில் சாக்பீஸ் கோட்டைப் பட்டையாகப் போட்டுக் கொடுப்பேன். வருடாந்தரக் கண் பரிசோதனைக்கு அட்டையில் இருந்த எழுத்துகளை அவரை மனப்பாடம் செய்ய வைத்ததும் நான்தான். மனுஷன் கடைசி வரிவரை ஒப்பித்துவிட்டு, டாக்டரிடம் “அட்டைய மாத்துங்க சார், அழுக்கா இருக்கு” என்று வேறு சொல்லிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருக்குப் பயம் கிடையாது. அன்றைக்கு எல்லோரும் சந்தைக்குப் போவோம். விளைவித்தவர்களே கொண்டுவந்து விற்கும் சந்தை அது. கண்ணைவிட விரலுக்குத்தான் அங்கே மதிப்பு. வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்ப்பார், பூசணியைத் தட்டிக் கேட்பார், முலாம்பழத்தைக் காம்புப் பக்கம் மோந்து பார்ப்பார். “ஒடிச்சதெல்லாம் நீங்களே எடுத்துக்கணும்” என்று வெண்டைக்காய்க்காரம்மா வாராவாரம் கத்துவாள். வாராவாரம் ஒரு கைப்பிடி கொசுறும் போடுவாள். அக்காவுக்குக் கீரைப் பக்கம். எனக்கு வெங்காயம், உருளைக்கிழங்கு என்று சுமக்கிற வேலை. ஐந்து வயது மகள் அப்பாவோடு. பேரம் பேசும்போது அவள் கையை விட்டுவிட வேண்டும். காய் பைக்குள் விழுந்ததும் அவர் கையைத் தொங்கவிடுவார், அவள் வந்து பிடித்துக்கொள்வாள். பேச்சே இருக்காது. வாரத்தில் அக்கா வாய்விட்டுச் சிரிப்பது அந்த இரண்டு மணி நேரம்தான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பட்டறை ஃபோர்மேனும் காய் வாங்க வந்திருந்தார். மாமாவிடம் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டு, வெங்காயக் குவியல் பக்கம் வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து அக்கா, கீரைப் பையைப் பிடிக்க மகளைக் கூப்பிட்டுக்கொண்டாள். மாமாவுக்கு அது தெரியவில்லை. பீன்ஸ் வாங்கி முடித்துக் கையைத் தொங்கவிட்டார். ஒரு சின்னக் கை வந்து பிடித்தது. யார் வீட்டுப் பிள்ளையோ, அம்மாவைக் காணாமல் கிடைத்த கையைப் பற்றிக்கொண்டது. இருபது அடி போனதும் நிமிர்ந்து முகத்தைப் பார்த்துவிட்டு அழுதது. சந்தை இரைச்சலில் எல்லாப் பிள்ளையின் அழுகையும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

“அழாத தங்கம், வா, பழம் வாங்கித் தரேன்” என்று மாமா அதை இழுத்துக்கொண்டு நடந்தார்.

பிள்ளை பிடிக்கிறவன் சொல்வதும் அதைத்தானே. குழந்தையின் தாய் அலறினாள். யார், என்ன என்று விசாரிக்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. முதல் அடி கன்னத்தில் விழுந்தது. கண் தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்கள். ஃபோர்மேன் பக்கத்தில்தான் இருக்கிறார் என்பது மாமாவுக்குத் தெரியும். “தெரியாம பிடிச்சிட்டேங்க” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அது யார் காதிலும் ஏறவில்லை.

நான் ஓடினேன். ஓடி என்ன பிரயோசனம்? கூட்டத்தை விலக்கினேனே தவிர வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அவரோடு என் வேலையும் போகும் என்ற யோசனை அந்த நேரத்திலும் மண்டையில் ஓடியது. வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

அக்காதான் நடுவில் பாய்ந்தாள். “அவருக்குக் கண்ணு தெரியாதுங்க. விட்டுடுங்க. ஒரு வருஷமாவே தெரியாது.”

அடி நின்றது. அடித்தவர்களில் ஒருவன் சிதறிக் கிடந்த பீன்ஸைப் பொறுக்கிப் பையில் போட்டான். ஃபோர்மேன் முன்னால் வந்து மாமாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீ கூடவேதானே வேலை பாக்குற. உனக்குத் தெரியுமா?”

“தெரியாது சார்.”

மாமா என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். உதடு கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள்.

“அவனுக்கு ஒண்ணும் தெரியாது சார்” என்றார் மாமா. “யார்கிட்டயும் நான் சொல்லல.”

மறுநாள் அவரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அக்கா இப்போது தெருமுனைக் கடையில் காய் வாங்குகிறாள். மாமாவின் இடத்தை எனக்குக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.