கட்டு மாறிப்போச்சு என்றார்கள்

கருத்துக் கணிப்பு எடுக்கப் போகிறவளுக்குக் கதவு திறந்ததும் கிடைக்கும் முதல் பதில், "ஒண்ணும் வேணாம்மா." கேள்வித்தாளோடு படியேறி இறங்கியிருந்தால் உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். எனக்கு வாய்த்த கேள்விகள், மேற்கத்திய நாகரிகமும் இஸ்லாமிய நாகரிகமும் ஆட்சி முறையில் எங்கே வேறுபடுகின்றன என்று ஒப்பிடுவதற்காகத் தயாரானவை. தண்டையார்பேட்டை முஸ்லிம் வீடுகளில் பச்சைத் தாள், ஒப்பிட்டுப் பார்க்க, திருவொற்றியூரில் மற்றவர்களிடம் அதே கேள்விகள் வெள்ளைத் தாளில். தாள்கள் தேறினால்தான் வேலை நிரந்தரம். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அம்மா அதற்குள் எனக்கு வேலை கிடைத்துவிட்டதாகக் கத்திவாக்கத்தில் எங்கள் மீனவர் குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

வலுவான தலைவர்

இது எனக்கு நடந்ததில்லை. கூட வேலை பார்த்த செல்வி அக்கா சொன்னது. கல்மண்டபத்தில் ஒரு விசைப்படகு முதலாளியிடம், "தேர்தல், சட்டசபை எதைப் பற்றியும் கவலைப்படாத வலுவான தலைவர் இருந்தால் நல்லதா?" என்று கேட்டிருக்கிறார். அவர் யோசிக்கவே இல்லையாம். "நல்லதுதாம்மா. ஆனா அந்த ஆளு நானா இருக்கணும்."

பேனா முந்திவிட்டது

தண்டையார்பேட்டையில் பழைய இரும்புக் கடை பாய் ஒருவர். மதத் தலைவர்கள் ஆள்வது நல்லதா என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் 'ஆம்' கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"இரும்மா. பள்ளிவாசல்ல ஹஸ்ரத்து தொழ வைக்கறாரு, அத்தோட சரி. ஜமாத்து நிர்வாகத்த நாங்க ஓட்டுப் போட்டுத்தான் வெச்சிகினு கீறோம். சரியில்லன்னா எறக்கிடுவோம். கலந்து பேசி முடிவு எடுன்னு குர்ஆன்லயே கீது. அத்த வெள்ளைக்காரன் வந்து கத்துக் குடுத்தான்னு எழுதிக்காத."

பிள்ளைகள் இருக்கும் நாடு

திருவொற்றியூர் அடுக்குமாடியில் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் காபி கொடுத்தார். இரண்டு பிள்ளைகளும் அமெரிக்காவில். "தேர்தலே வேண்டாம்மா. ஒரே ஆள் கையில பத்து வருஷம் குடுத்துடணும்" என்றார். பிள்ளைகள் இருக்கிற நாட்டிலும் அப்படித்தான் வேண்டுமா என்று கேட்டேன். வாக்களிக்க ஒரு தடவைகூடத் தவறாத, கையெழுத்துப் போடத் தெரியாத என் அம்மா நினைவுக்கு வந்தாள். அவர் சொன்ன பதில்: "அங்க எதுக்கு? அங்க எல்லாரும் படிச்சவங்களாச்சே."

திருப்பிக் கேட்டவர்

அடுத்த நாள் மறுபடி தண்டையார்பேட்டை. நான் எந்தக் குப்பம் என்று முதலிலேயே விசாரித்துவிட்டு, தையல் மெஷினை நிறுத்தாமலே பதில் சொன்ன பாத்திமா அக்காவிடம், பெண்கள் தலைவர்களாக வரலாமா என்று கேட்டேன். "வரலாம். எங்க ஜமாத்துல பொம்பளைங்களுக்கு ஓட்டு இல்ல. கேட்டுக்கினு கீறோம். ஒங்க குப்பத்துப் பஞ்சாயத்துல?"

அங்கேயும் ஆண்கள் மட்டும்தான். இந்தக் கேள்வி அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை என்பதுதான் என்னை உலுக்கியது. இல்லை என்று சொன்னேன். அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அப்போ நீயும் ஒரு தாள ரொப்பு."

அலுவலகத்தில்

மேற்பார்வையாளர் இரண்டு கட்டுகளையும் புரட்டினார். "கட்டு மாறிப்போச்சு பாரு. தேர்தல் வேணும்ங்கறது பச்சையில வந்திருக்கு, வேணாங்கறது வெள்ளையில." மாறவில்லை என்றேன். நம்பாமல், என் எதிரிலேயே அந்த அதிகாரிக்குப் போன் போட்டார். அதிகாரி என்னிடம் சொன்னதையே ஒரு வார்த்தை மாறாமல் போனிலும் சொன்னார். நான் மூச்சு விட்டேன்.

மேற்பார்வையாளர் போனை வைத்தார். "மேல எதிர்பார்க்கறது வேற. பதிலை மாத்தி எழுதிக் குடு. அடுத்த மாசம் உனக்கு வேலை ஆர்டர் வரும்." அவர்கள் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன் சார், என்றேன். அவர் கோபப்படக்கூட இல்லை. "அப்போ நீ சரியா கேக்கல."

ஆர்டர் வரவில்லை, அதே தெருக்களுக்கு அனுப்பப்பட்ட புது ஆளைத் தேடிப் பிடித்து விசாரித்தேன், அவரிடமும் கட்டு மாறிப்போச்சு என்றுதான் சொன்னார்களாம்.