படத்துக்குப் பூசிய பவுடர்

சென்னையில் ஓவியம் படித்துவிட்டு வந்த என் அண்ணன், அந்த வருஷச் சாரலில் குற்றாலத்து வீட்டுக் கூடத்தில் வைத்து எங்கள் நால்வரையும் ஒரே படமாக வரைந்தான். அப்பா, அம்மா, அவன், நான். அம்மா நல்ல கறுப்பு. நான் அம்மாவை உரித்து வைத்திருந்தேன்.

அதற்கு முன் எங்களிடம் இருந்தது தென்காசி ஸ்டூடியோவில் எடுத்த போட்டோ ஒன்றுதான். அதில் அம்மாவும் நானும் பவுடரை அப்பிக்கொண்டு, மாவு சலித்த இடத்திலிருந்து எழுந்து வந்தவர்களைப் போல இருப்போம். அண்ணனோ கறுப்பையும் தொடவில்லை, வெள்ளையையும் தொடவில்லை. அம்மாவின் நெற்றிக்கு நீலம், கழுத்துக்குக் கத்திரிப்பூ நிறம், என் கன்னத்துக்குப் பச்சை. தூரிகையால் இழைக்காமல் அப்பி அப்பி விட்டிருந்தான். கிட்டே போனால் வெறும் வண்ணத் திட்டு. வாசல்வரை பின்னால் போய்ப் பார்த்தால் அம்மா உட்கார்ந்திருப்பாள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது, சொல்லத்தான் வெட்கம்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, நாளைக்குப் புளியங்குடியிலேருந்து பொண்ணு பாக்க வருதாவ. பிள்ள கன்னம் பாசி புடிச்ச படித்துறை மாரி இருக்கு. கொஞ்சம் வெள்ளையக் கலந்தா என்ன?"

"சாரல் வெளிச்சத்துல அவ அப்படித்தாம்ப்பா இருக்கா. அழகாத்தான் இருக்கா" என்றான் அண்ணன்.

படத்தை உள்ளே தூக்கி வைக்கவும் வழியில்லை. அந்த ஈரத்தில் வண்ணம் காயவே இல்லை, கை பட்டால் ஒட்டியது. கூடத்திலேயே நின்றது.

மறுநாள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா முதலில் படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "படத்துக்குப் பொண்ணு எவ்வளவோ தேவல" என்றார். தன் படத்தால்தான் கல்யாணம் நிச்சயமானது என்று அண்ணன் கடைசிவரை பெருமையடித்துக்கொண்டான்.

அவர்கள் போன பிறகுதான் அவன் கவனித்தான். படத்தில் என் கன்னம் மட்டும் திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது. காலையில் எனக்குப் பூசிவிட்ட பவுடரை, அம்மா அந்த ஈரப் படத்துக்கும் ஒற்றியிருக்கிறாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். என் அம்மாவுக்கு அது போதவில்லை, ஊர்க் கண்ணுக்கும் நான் பொன்னாகத் தெரிய வேண்டியிருந்தது.

அண்ணன் சுரண்டுவதற்குக் கத்தியை எடுத்துவிட்டான். அப்புறம் பக்கத்திலிருந்த நீல முகத்தைப் பார்த்தான். அதில் ஒரு துளி பவுடர் இல்லை.

"ஒன் மூஞ்சிக்குப் போடலியாம்மா?"

"எனக்கு என்னத்துக்குலே? என்னைய யாரு பாக்க வருதா?"

அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

படம் இப்போது என் வீட்டில் இருக்கிறது. தூசி தட்ட வருகிறவர்களை அந்தக் கன்னத்தின் பக்கம் நான் விடுவதில்லை.