நான் கேட்ட காட், அவர் சொன்ன காடு

பிள்ளைகளே, பிரான்சில் ரூ காய் என்ற தெருவில் இருந்த உணவகத்தில் என்னோடு கோப்பை கழுவியவர், தென்னமெரிக்கக் கரையிலுள்ள பிரெஞ்சுக் கயானாக்காரர். நெடிய உருவம், சமையலறையில் குனிந்தே நிற்பார். எங்களோடு பழகிக் கொஞ்சம் தமிழும் பிடித்திருந்தார்.

வதிவிட அட்டையை நாங்கள் காட் என்போம். ஒருநாள், "தம்பி, காட் இருக்கோ?" என்று கேட்டேன்.

"காடோ? ஊரிலை அதுதான் இருக்கு, அண்ணை."

விளக்கியதும் சிரித்தார். கயானா பிரான்சின் ஒரு பகுதி; அவர் பிறப்பிலேயே பிரெஞ்சுக் குடிமகன். பிறகு பிரெஞ்சில் சொன்னார்: "ஊருக்கு றோட்டு இல்லை. முன்னாலை கடல், மற்றப் பக்கமெல்லாம் மழைக்காடு. பள்ளிக்கூடம் பதினொரு வயதோடை முடியுது. செப்டெம்பரிலை என்ரை மகள் படகேறிப் பட்டணத்துக்குப் போய், தெரியாத வீட்டிலை தங்கிப் படிக்கவேணும்."

"இஞ்சை கூப்பிடுமன்."

"ஒரு அறையிலை நாலு ஆம்பிளையள் இருக்கிறம். அவள் எங்கை படுப்பாள்?"

நீங்கள் அப்போது நம் ஊரில் இருந்தீர்கள். காட் கிடைத்தால் உங்களைக் கூப்பிடலாமென்று காத்திருந்தேன். அது தேவையே இல்லாத அந்தத் தகப்பனாலும் தன் மகளைக் கூப்பிட முடியவில்லை.