ஆறு நாள் அரிசி என்று சொன்ன மச்சான்

மாதாவின் பிள்ளைகளே, என் தம்பியை மலையிலிருந்து உயிரோடு இறக்கிக் கொடுத்த இரக்கத்தைச் சொல்கிறேன். எங்களைக் கைவிட்டவன் வெளியாள் அல்ல. என் அக்காளைக் கட்டிய சவரிமுத்து.

மேல்மலையில் அணை கட்டிய காலம். அதற்கு மரம் வெட்ட அனுமந்தன்பட்டியிலிருந்து பதினெட்டுப் பேர் ஏறினோம். சவரிமுத்து எங்கள் கங்காணி. நான் கோயில் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் ஓடி, ஊர் ஊராய்த் திரிந்தவன். ஐப்பசி மழையில், ஊருக்கு இறங்கும் வழியிலிருந்த ஓடை பெருகியது. தம்பி சின்னப்பனும் இன்னொருவனும் காய்ச்சலில் விழுந்தார்கள்.

அரிசி கொண்டுவருவதாகச் சொல்லி, பலமான ஐந்து பேரோடு சவரிமுத்து, குறுக்கே கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து ஓடையைக் கடந்தான். போகுமுன் என்னிடம் சொன்னான்:

"எழுபத்திரண்டு நாழி அரிசி கெடக்கு மாப்ளே. ஆளுக்கு நாளைக்கு ஒரு நாழி. பன்னெண்டு பேருக்கு ஆறு நாள். நான் மூணாம் நாளே வந்துருவேன்."

கணக்கில் பிழையில்லை. நம்பினோம். பிறகு குடிசைக்குள் போனேன். அவன் பாய் இல்லை. நாங்கள் செபம் சொல்லும் மாதா சுரூபமும் இல்லை. திரும்பி வருகிறவனுக்குப் பாய் எதற்கு?

சுரூபம் இருந்த வெறும் பலகையின் முன் விழுந்து அழுதேன். "தாயே, வழி காட்டு." குரல் எதுவும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் போடச் சொல்லிக்கொடுத்த முறைதான் நினைவில் வந்தது. கொடுத்தது எது, கேட்பது எது என்று முதலில் பார். கொடுத்ததை நான் பார்க்கவே இல்லையே!

மூட்டையை அவிழ்த்து அளந்தேன். முப்பத்தாறு நாழி. பாதியை அவன் கொண்டுபோய்விட்டான்.

சமையல்கார அருளப்பன் நம்பவில்லை. "ஏலே, அவுக பொய் சொல்லுவாகளா? நீ அளந்த லெச்சணம் அப்படி!"

அவனையே அளக்கவிட்டேன். அதே முப்பத்தாறு.

கரித்துண்டால் பலகையில் கணக்குப் போட்டேன். நோயாளிகள் இருவருக்கும் முழுச்சோறு, இரண்டு நாழி. மற்றப் பத்துப் பேருக்கும் ஒருசந்தி, ஒருவேளைச் சோறு. அது ஐந்து நாழி. ஆக ஒரு நாளைக்கு ஏழு. ஐந்து நாளைக்கு முப்பத்தைந்து. ஒரு நாழி மிச்சம். நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு இறங்க இரண்டு நாள் ஆகும். அப்படியானால் மூன்று நாள்தான் காத்திருக்கலாம்.

"தவசுக்காலம் வரல, அதுக்குள்ள ஒருசந்தியா? எப்பலே சாமியாரான?" என்றான் ஒருவன்.

"பசிச்சா என்னைய ஏசுங்க. நாலாம் நாள் இங்கன இருந்தா சாவுதான்."

மூன்றாம் நாளும் அவன் வரவில்லை. கயிற்றைப் பிடித்து நாங்கள் கடக்கலாம். நோயாளிகளை எப்படிக் கடத்துவது? எல்லோரும் செபமாலை சொன்னோம். மழை விடவில்லை. விடியும்போது விட்டிருந்தது. ஓடை தொடையளவுக்கு இறங்கியிருந்தது. மாதாவின் கை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வேன்? கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு, மறுநாள் பொழுது சாயக் கூடலூர் சேர்ந்தோம். மிஞ்சிய ஒரு நாழியைச் சின்னப்பனுக்குக் கஞ்சி காய்ச்சினோம்.

சவரிமுத்து மேற்கே காப்பித் தோட்டத்துக்கு ஓடிவிட்டான். கூடப் போனவர்களில் ஒருவன் பிறகு வந்து சொன்னான். அரிசி போதுமா என்று வழியில் கேட்டதற்கு, "அவன் பாதிப் படிப்புப் படிச்சவன், நம்பிருவான்" என்று சிரித்தானாம்.

இப்போது நான் எங்கும் திரிவதில்லை. சின்னப்பன் ஏர் பிடிக்கிறான். பூசை முடிந்ததும் கணக்குக் கேட்டு வருகிறவர்களுக்கு ஒவ்வொரு படியாகப் போட்டுக் காட்டுகிறேன். ஆனால் கர்த்தர் கற்பித்த செபத்தில், நமக்குத் தீமை செய்தவரைப் பொறுத்துக்கொள்வதைச் சொல்லும் இடத்தில் என் நாக்கு நின்றுவிடும். அந்த வரி வாயில் வரும்வரை முழங்காலில் இருப்பேன். சில நாள் கோயிலே காலியாகிவிடும். சொந்தக்காரன் கைவிட்டவர்களே, என் பக்கத்தில் வந்து முழங்காலிடுங்கள். தாய் நம்மை விட்டு எழுந்து போகமாட்டாள்.