கை குடுக்காதேங்கோ

எழுவைதீவுத் துறையில் படகுக்குள் காலை வைத்தபோது என் இடது செருப்பு கடலில் விழுந்தது. விழுந்தது எனக்குத் தெரியவில்லை. பின்னால் நின்றவர்கள் சொல்லித்தான் பார்த்தேன். வார் இளகிவிட்டது என்று செருப்பைத் திட்டியபடி ஊர்காவற்றுறையில் இறங்கினேன். இறங்கிய இடத்திலேயே கால் மடங்கி விழுந்தேன். பாவம், செருப்பில் ஒரு குற்றமும் இல்லை.

பாரிசவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் அடைபட்டு உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார்கள் யாழ்ப்பாண ஆசுபத்திரியில். தீவில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கையோ காலோ திடீரென விறைத்தால் நாளைப் படகு வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள்.

"முழுக்கத் திரும்புமெண்டு சொல்லேலாது, அம்மா," என்றார் டொக்டர். "பயிற்சியை விட்டால் வந்ததும் போயிடும்."

ஊருக்குத் திரும்பிய அன்று இரண்டு பேர் கக்கத்தில் பிடித்து, மீன்பெட்டியை இறக்குவதுபோல என்னை இறக்கினார்கள். எங்கள் தீவில் அதுதான் வழக்கம். ஏலாதவரைக் கண்டால் கேளாமலே தூக்கிவிடுவோம். நல்ல மனந்தான். ஆனால் எனக்கு வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கனடாவில் இருக்கும் மகள், யாழ்ப்பாணத்தில் வீடெடுத்து இருங்கோ என்று ஒற்றைக்காலில் நின்றாள். எனக்கும் அப்போது ஒற்றைக்கால்தான். என் ஆடும் கோழியும் கிணறும் இங்கே கிடக்க, நான் அங்கே யாரைப் பார்த்துக்கொண்டு இருப்பது? கடைசியில் ஒன்று பேசி முடித்தோம். கிளினிக்குக்குப் போக நானே படகேறினால் தீவில் இருக்கலாம், இல்லாவிட்டால் போகவேண்டும்.

அப்போதுதான் மேகலா வந்தாள். சரவணை என்ற ஊர்ப் பிள்ளை, சமூக மறுவாழ்வுப் பணியாளர் (முடங்கியவர்களை வீடு தேடி வந்து பயிற்றுபவர்). அவளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. ஒவ்வொரு தடவையும் படகில் சத்தியெடுத்து, முகம் வெளுத்துத்தான் வந்து சேருவாள். ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு என் காலைப் பிடிப்பாள். உமக்கேன் பிள்ளை இந்த வேலை என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் வராட்டி நீங்களெல்லோ அன்ரி கடல் தாண்டி வரவேணும்," என்றாள்.

வீட்டுக்குள் நான் நடந்தது அவளுக்குப் போதவில்லை. நிலம் அசையாது, படகு அசையுமே என்றாள். முழங்கால் தண்ணீரில் ஒரு வள்ளத்தைக் கட்டி, தானே நனைந்து நின்று அதை ஆட்டி, ஏறச் சொன்னாள். விழுந்தேன். பேய்ப் பெட்டை என்று ஏசினேன். சிரித்துக்கொண்டு மறுபடி ஆட்டினாள். இடையில் கிராம அபிவிருத்திச் சங்கத்தாரோடு கதைத்து, துறையில் கைபிடிக் குழாய் ஒன்றும் பூட்டுவித்தாள். இப்போது பிள்ளைத்தாய்ச்சிகளும் அதைப் பிடித்துத்தான் ஏறுகிறார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு யாரும் மாலை போடுவதில்லை. நானாவது எழுதி வைக்கிறேன்.

கிளினிக் நாளன்று காற்று கடுமை. மேகலாவும் என்னோடு வந்தாள். படகு எழும்பித் தாழ்ந்தது. வழக்கம்போல நாலைந்து கைகள் நீண்டன.

"ஒருதரும் கை குடுக்காதேங்கோ," என்றாள் மேகலா.

இதென்ன ஈவிரக்கமில்லாத பெட்டை என்று யாரோ முணுமுணுத்தார்கள். நான் குழாயைப் பிடித்தபடி ஓர் அலையைப் போகவிட்டேன். இன்னொன்றையும் விட்டேன். படகு மேலே வந்து நின்றதும் வலது காலை வைத்து, குழாயை விட்டேன். இடது கால் இழுபட்டுப் பின்னால் வந்தது. செருப்பும் கூடவே வந்தது. பலகையில் குந்தியிருந்து, சனம் பார்க்கப் பார்க்க அழுதேன்.

முன்பு ஓடிவந்து பாய்ந்து ஏறுவேன். இப்போது அலை பார்த்து ஏறுகிறேன். அவசரமென்ற ஒன்று என் உடம்பைவிட்டுப் போய்விட்டது, போனது போகட்டும்.

அன்று நடுக்கடலில் மேகலா படகின் விளிம்பில் குனிந்து ஓங்காளித்தாள். விரல்கள் இன்னும் சரியாக மடங்காத என் இடது கையைத் தூக்கி அவள் முதுகில் வைத்துத் தடவினேன். அவளுடைய உடம்புச் சூடு என் கைக்குத் தெரிந்தது.